விரித்த தோலும் உழைப்பின் உரிமையும்: கணனி விளையாட்டுக்களில் ஆயுத உருக்களை மீள வரைதலின் வரலாறு

கணனித் திரையிலே தோன்றும் துப்பாக்கி ஒன்று இரு கூறுகளால் ஆனது. ஒன்று அதன் வடிவம். மற்றையது அவ்வடிவத்தின்மேற் போர்த்தப்பட்ட படம். வடிவமென்பது முக்கோணங்கள் பலவற்றை ஒட்டியமைத்த வெறுங்கூடு. இரும்பின் கருமையும், மரப்பிடியின் இழைகளும், கைபட்டுத் தேய்ந்த விளிம்பின் பளபளப்பும் அக்கூட்டிற்கு இயல்பாய் உரியன அல்ல. அவை தட்டையான ஒரு படத்தில் வரையப்பட்டுக் கூட்டின்மேற் போர்த்தப்படுவன. விளையாடுவோர் இப்படத்தை ‘ஸ்கின்’ என வழங்குவர். தோல் என்பது அதன் பொருள். தைத்த சட்டையொன்றின் தையலைப் பிரித்து அதன் துண்டுகளை மேசைமீது பரப்பிவைப்பதைப் போல, முப்பரிமாணக் கூட்டினை வெட்டித் தட்டையாகப் பரப்பிய கோட்டுப்படமே ‘யூவீ வரைபடம்’ எனப்படுகின்றது. படத்தின் எப்புள்ளி ஆயுதத்தின் எவ்விடத்தில் வந்து விழும் என்பதைச் சொல்வது இவ்வரைபடமே.

விளையாட்டொன்றின் கோப்பிலிருந்து இவ்வரைபடத்தைப் பிரித்தெடுத்து, ஆயுதத்தின் தோலைப் புதிதாக வரைந்து, மீண்டும் விளையாட்டினுள் இடுகின்ற வழக்கம் 1990களின் பிற்பகுதியிலே இளைஞரிடையே பரவத் தொடங்கியது. மேலோட்டமாக நோக்குவார்க்கு இஃது ஓய்வுநேர விளையாட்டாகவே தோன்றக்கூடும். ஆயினும் கருவி ஒருவருடையதாகவும் உழைப்பு இன்னொருவருடையதாகவும் இருக்குமிடத்து, விளைபொருள் யாருக்குரியது என்ற பழைய வினா இவ்வழக்கத்தின் வரலாற்றினுள் புதிய வடிவில் எழுந்துள்ளது. இவ்வழக்கத்திற்கு அடிப்படையான தொழில்நுட்பம் தோன்றி வளர்ந்தவாற்றையும், அதனூடே உருவாகிய உழைப்பு உறவுகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வளைந்ததைத் தட்டையாக்கல்

திண்மப் பொருளைத் தாளிலே விரித்துக் காட்டும் முயற்சி கணனியோடு தொடங்கியதன்று. ஜேர்மனிய ஓவியரான அல்பிறெக்ற் டியூரர் 1525ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவியல் நூலிலே, பன்முகத் திண்மங்களின் முகங்களை ஒன்றோடொன்று தொடுத்துத் தட்டையாக விரித்த படங்களைத் தந்துள்ளார். அவற்றை வெட்டி மடித்தாற் திண்மம் உருவாகும். 1569இல் மேர்க்கேற்றர் வெளியிட்ட உலகப்படம் இதே பிரச்சினையின் கடினமான வடிவத்தை எதிர்கொண்டது. மாலுமிகள் திசை பிசகாது செல்வதற்கு உதவிய அப்படம், அதற்கு விலையாகப் பரப்பளவுகளைத் திரித்தது. ஆபிரிக்காவின் பதினான்கில் ஒரு பங்களவே பரப்புடைய கிறீன்லாந்து, அப்படத்திலே ஆபிரிக்காவுக்கு ஈடாகத் தோன்றுகின்றது.

இத்திரிபு வரைபவரின் திறமைக் குறைவால் நேர்வதன்று என்பதைக் கணித முறையாக நிறுவியவர் கௌஸ் ஆவார். 1827ஆம் ஆண்டில் வளைபரப்புக்கள் பற்றி அவர் சமர்ப்பித்த ஆய்வின்படி, கோளம் போன்ற பரப்பொன்றை நீட்டாமலும் சுருக்காமலும் தட்டையாக்குதல் இயலாது. தோடம்பழத் தோலை உரித்து மேசையில் அழுத்திப் பார்ப்பவர் எவரும் இவ்வுண்மையைக் காண்பர். தோல் கிழியும், கிழியாவிடின் மடியும். துப்பாக்கி உருவொன்றை விரிப்பவர் முன்னும் இதே தெரிவு நிற்கின்றது. முக்கோணங்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியே வெட்டிவைத்தாற் திரிபு சிறிதும் நேராது. ஆனால் அவ்வாறு சிதறிய துண்டுகளில் எது குழல், எது பிடி என்று ஓவியர் அறிய முடியாது. வெட்டுக்களைக் குறைத்தாற் படம் விளங்கும். ஆனால் வளைந்த பகுதிகள் இழுபட்டுத் திரியும். வெட்டு எங்கே, திரிபு எவ்வளவு என்று தீர்மானிப்பதிலேயே விரிப்போனின் திறமை தங்கியுள்ளது. 2002ஆம் ஆண்டில் புறூனோ லெவி முதலானோர் வெளியிட்ட கணிப்புமுறை, கோணங்கள் இயன்றவரை குலையாதவாறு விரித்தலைக் கணனியே செய்ய வழிவகுத்தது. எனினும் வெட்டுக்கோட்டை இடவேண்டிய இடம்பற்றிய தீர்ப்பு, பெருமளவிற்கு இன்றும் மனிதக் கண்ணுக்குரியதாகவே உள்ளது.

யூட்டாவில் பிறந்த போர்வை

விரித்தலின் மறுதலை போர்த்தலாகும். தட்டையான படத்தைக் கணனியில் அமைந்த வளைபரப்பின்மேற் போர்த்தும் முறையை முதன்முதலில் விவரித்தவர் எட்வின் கற்மல். ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் 1974ஆம் ஆண்டிற் சமர்ப்பித்த கலாநிதிப் பட்ட ஆய்வேட்டிலே அவர் இதனை எடுத்துரைத்தார். வெளியில் அமைந்த புள்ளியின் இடத்தைக் குறிப்பதற்கு எக்ஸ், வை, இசட் என்னும் மூன்று எழுத்துக்கள் ஏலவே வழக்கில் இருந்தன. பரப்பின்மீது ஒரு புள்ளியைச் சுட்டுவதற்கோ இரண்டு எண்கள் போதும். கேத்திரகணித வழக்கையொட்டி அவற்றுக்கு யூ, வீ என்னும் எழுத்துக்கள் அமைந்தன. யூவீ வரைபடத்தின் பெயர்க்காரணம் இதுவேயாகும்.

அதே பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியுவெல் 1975இல் தேநீர்க் குவளை ஒன்றின் வடிவத்தை எண்களாற் குறித்தார். ‘யூட்டாத் தேநீர்க் கேத்தல்’ எனப் பின்னர் புகழ்பெற்ற அவ்வுரு, தலைமுறை தலைமுறையாக ஆய்வாளரின் சோதனைப் பொருளாய் விளங்கியது. 1976இல் ஜிம் பிளின்னும் நியுவெல்லும் எழுதிய கட்டுரை, பரப்பின்மேற் படத்தைப் போர்த்தும் முறையை விரிவாக்கியதோடு, சூழலின் பிரதிபலிப்பைப் பளபளப்பான பரப்பிற் காட்டும் வழியையும் சேர்த்தது. கற்மல் பின்னர் பிக்ஸார் நிறுவனத்தின் நிறுவுநர்களுள் ஒருவரானார். 2019ஆம் ஆண்டிற்குரிய டியூரிங் விருது அவருக்கும் பற் ஹன்றஹனுக்கும் வழங்கப்பட்டது.

இவ்வாய்வுகளின் சமூகப் பின்னணியும் மனங்கொள்ளத்தக்கது. யூட்டாவின் கணனி வரைகலை ஆய்வுக்கு அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆய்வு முகவரகம் பெருமளவு நிதி வழங்கியது. அங்கு பேராசிரியராயிருந்த டேவிட் எவன்ஸும் ஐவன் சதர்லாந்தும் 1968இல் நிறுவிய கம்பனி, விமானிகளைப் பயிற்றும் போலிப் பறப்புக் கருவிகளை உருவாக்குவதிற் பெயர்பெற்றது. பின்னாளில் விளையாட்டுத் துப்பாக்கியின்மேற் பூவேலை செய்த இளைஞரின் கைக்கருவி, போர்த்தேவைகளை நோக்கிய முதலீட்டின் நிழலில் வளர்ந்ததென்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்று எனலாம்.

படத்திலிருந்து உருவிற்கு

தொழில்நுட்பம் ஆய்வுகூடத்திலிருந்து வீட்டுக் கணனிக்கு வருவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. 1993 டிசெம்பர் 10ஆம் திகதி ஐடி சொஃப்ட்வெயார் நிறுவனம் வெளியிட்ட ‘டூம்’ என்னும் விளையாட்டில், ஆயுதங்கள் இன்னும் தட்டையான படங்களாகவே இருந்தன. விளையாட்டுக்கடைத் துப்பாக்கிகளையும் உண்மையான மரவாள் இயந்திரமொன்றையும் புகைப்படமெடுத்தே அவற்றிற் சில ஆக்கப்பட்டன. விரிப்பதற்கு அங்கே தோல் இருக்கவில்லை. ஆயினும் மீள வரையும் வழக்கத்தின் வரலாற்றில் டூம் தவிர்க்கமுடியாத ஒரு படியாகும். அதன் நிகழ்த்துநிரல் ஓரிடத்திலும், படங்கள், ஒலிகள், தளங்கள் என்பன ‘வாட்’ எனப்பட்ட தனிக்கோப்பிலும் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. இதற்கு முன்னிருந்த விளையாட்டுக்களை மாற்ற முயன்றவர்கள் மூலக்கோப்பையே குலைக்க வேண்டியிருந்தது. இப்பொழுது மூலத்தைத் தொடாமலே புதிய படத்தைச் சேர்த்தல் இயல்வதாயிற்று. 1994ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே இரசிகர் தாமே ஆக்கிய தளத்தொகுப்பு மென்பொருள் வெளிவந்தது. தம் மாற்றங்கள் விலைகொடுத்து வாங்கிய பிரதியில் மாத்திரமே இயங்குமாறு அமைக்கவேண்டும் என்பதே நிறுவனம் அவர்களிடம் வேண்டிய முதன்மையான நிபந்தனை. விளையாட்டை மாற்றியமைக்கும் இத்தகைய ஆக்கங்களுக்கு ‘மொட்’ என்னும் பெயர் நிலைத்தது.

1996 ஜூன் 22ஆம் திகதி அதே நிறுவனம் வெளியிட்ட ‘குவேக்’கில் ஆயுதம் முழுமையான முப்பரிமாண உருவாகியது. அப்பொழுதே அதன் தோலும் விரிக்கப்பட வேண்டியதாயிற்று. குவேக் கையாண்ட முறை மிக எளிது. உருவை முன்னும் பின்னுமாக இரு பாதிகளாகப் பிளந்து, இரண்டையும் ஒரே தாளில் அருகருகே வைத்தனர். இரு பாதிகளும் சந்திக்கும் விளிம்பிலுள்ள புள்ளிகளுக்கு ‘தையலில் உள்ளவை’ என்னும் குறியீடொன்று கோப்பிலே இடப்பட்டது. அக்குறியீடு இருந்து, முக்கோணம் பின்பாதிக்கு உரியதாயின், கணனி தாளின் அரையளவைக் கூட்டி மறுபாதியிற் புள்ளியைத் தேடும். 256 நிறங்களுக்குள் அனைத்தையும் அடக்கவேண்டியிருந்த அக்காலத்தில், பக்கவாட்டுப் பரப்புக்களிற் படம் இழுபட்டுக் கோடுகளாய்த் தோன்றுதல் தவிர்க்க முடியாததாயிற்று. 1997இன் இறுதியில் வந்த ‘குவேக் 2’ தோற்படங்களை உருவின் கோப்பிலிருந்து பிரித்துத் தனிப்படக் கோப்புக்களாக வைத்தது. சாதாரண ஓவிய மென்பொருள் வைத்திருந்த எவரும் தோல் வரைபவராகலாம் என்ற நிலை இதனால் உருவாகியது.

பிரித்தெடுக்கும் கலை

வால்வ் நிறுவனம் 1998 நவம்பரில் வெளியிட்ட ‘ஹாஃப்-லைஃப்’ விளையாட்டும், மின் லே, ஜெஸ் கிளிஃப் என்னும் இருவர் அதன்மேற் கட்டியெழுப்பி 1999 ஜூனில் முதற் பரீட்சார்த்த வடிவில் இலவசமாக வழங்கிய ‘கவுண்டர்-ஸ்ட்ரைக்’ என்னும் மொட்டும் இவ்வழக்கத்திற்குப் பெரும் ஊக்கமளித்தன. பயங்கரவாதிகளும் பொலிசாரும் மோதும் அவ்விளையாட்டிலே துப்பாக்கி எப்பொழுதும் விளையாடுபவரின் கண்முன் திரையின் ஒரு மூலையை நிறைத்து நின்றது. ஆகவே அதன் தோலை மாற்றும் ஆவல் இயல்பாகவே எழுந்தது.

ஹாஃப்-லைஃப் உருக்களின் கோப்பினுள்ளே வடிவம், அசைவு, தோற்படம் ஆகிய மூன்றும் ஒருங்கே பொதியப்பட்டிருந்தன. மெற்றே சிரகான் முதலிய மென்பொருளாக்குநர் உருவாக்கிய உருநோக்கிக் கருவிகளே அப்பொதியைத் திறந்தன. கருவி கோப்பைத் திறந்து, முக்கோணம் ஒவ்வொன்றின் மூன்று முனைகளுக்கும் பதியப்பட்டிருந்த யூ, வீ எண்களை எடுத்து, அவற்றைத் தட்டையான சதுரத்திலே கோடுகளாக வரையும். இங்ஙனம் பெற்ற கோட்டுப்படத்தை ஓவிய மென்பொருளில் மேலடுக்காக வைத்து, அதன் கீழடுக்கிலே புதிய நிறத்தையும் தேய்வையும் எழுத்தையும் வரைவர். வரைந்து முடிந்ததும் மேலடுக்கை நீக்கி, மூலப்படத்தின் அதே அளவிலும் 256 நிறங்களுக்குள்ளும் சேமித்து, மீண்டும் கோப்பினுள் இடுவர். ஓர் ஆயுதத்திற்கு மூன்று உருக்கள் இருந்தன: விளையாடுபவர் தம் கையிற் காண்பது ஒன்று, பிறர் கையிற் காண்பது இன்னொன்று, நிலத்திற் கிடப்பது மற்றொன்று. ஒன்றன் தோலை மாற்றினால் ஏனைய இரண்டும் பழைய நிறத்திலேயே நிற்கும்.

வரைபடத்தைப் பிரித்தெடுத்தவர்கள் மூல ஓவியரின் சிக்கனங்களையும் அதனூடே கற்றுக்கொண்டனர். நினைவகம் அரிதாயிருந்த காரணத்தால், துப்பாக்கியின் இடப்புறத்திற்கும் வலப்புறத்திற்கும் ஒரே படப்பகுதியைப் பயன்படுத்துதல் வழக்கமாயிருந்தது. இதனை அறியாது ஒரு பெயரை எழுதியவர், மறுபுறத்திலே அது கண்ணாடியிற் கண்டாற்போல இடம்மாறி நிற்கக் கண்டார். அடிக்கடி கண்ணிற்படும் பின்பகுதிக்குத் தாளில் அதிக இடமும், கண்ணிற்படாத முன்பகுதிக்குக் குறைந்த இடமும் ஒதுக்கப்பட்டிருந்தன. வரைபடமொன்றை வாசித்தல், அதை ஆக்கிய முகமறியாத் தொழிலாளியின் தீர்மானங்களை வாசித்தலாகவே அமைந்தது. பாடசாலைகள் எவையும் கற்பிக்காத இக்கலை, இவ்வாறு ஒருவரிடமிருந்து ஒருவருக்கு இலவசமாகக் கைமாறியது.

இவ்வாக்கங்களின் ஓர் இயல்பு சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. மாற்றிய தோலை அணிந்த துப்பாக்கி, அக்கோப்பை இட்ட கணனியில் மாத்திரமே அவ்வாறு தோன்றும். எதிரே நின்று ஆடுபவர் பழைய துப்பாக்கியையே காண்பார். ஆகவே புதிய தோலுக்குப் பயன்பாட்டுப் பெறுமதி இருந்ததேயன்றிப் பரிமாற்றப் பெறுமதி இருக்கவில்லை. பிறர் காணாத அணியைப் பிறர் பொறாமைப்பட விலைக்கு வாங்குதல் இயலாதன்றோ! பிரதி எடுப்பதற்குச் செலவில்லை. காட்டிப் பெருமைகொள்ள வழியில்லை. வரைந்தவர்கள் தம் ஆக்கங்களை நன்கொடையாகப் பகிர்ந்தமைக்கு அவர்தம் பெருந்தன்மை ஒரு காரணமாயின், இப்பொருளியல் நிலை மற்றொரு காரணமாகும்.

மேற்பரப்பு அரசியற் குரலாகவும் அமையலாம் என்பதற்கும் இக்காலம் சான்று தருகின்றது. கவுண்டர்-ஸ்ட்ரைக்கிலே விளையாடுபவர் சுவர்களின்மேல் தம் படமொன்றைப் பதிக்க இடமிருந்தது. 2001 செப்டெம்பர் தாக்குதலின் பின்னர் அமெரிக்கா தொடுத்த போரின் சூழலில், ஆன்-மரீ ஷ்லைனர், ஜொவான் லெயான்ட்ரே, புறோடி கொண்டன் ஆகிய கலைஞர் மூவரும் 2002இல் ‘வெல்வெற்-ஸ்ட்ரைக்’ என்னும் பெயரில் போரெதிர்ப்புப் படங்களைத் தொகுத்து அச்சுவர்களிற் பதிக்குமாறு வழங்கினர். துப்பாக்கியை அழகுபடுத்திய அதே திறமை, துப்பாக்கியைக் கேள்விக்குட்படுத்தவும் பயன்படலாயிற்று.

உழைப்பும் உரிமையும்

நன்கொடையாக வழங்கப்பட்ட உழைப்பு, வணிகத்தின் கண்ணிற்படாமல் இருக்கவில்லை. டூம் இரசிகர் குழுவொன்று இலவசமாக வழங்குவதற்கென ஆக்கிய பெருந்தளத் தொகுப்பினை, வெளியீட்டிற்குச் சற்று முன்னர் ஐடி நிறுவனம் வாங்கி, 1996இல் ‘ஃபைனல் டூம்’ என்னும் விற்பனைப் பொருளின் ஒரு பாதியாக்கியது. ஆக்கியோருக்குப் பணமும் பெயரும் கிடைத்தன. காத்திருந்த இரசிகருட் பலர் கோபமுற்றனர். கவுண்டர்-ஸ்ட்ரைக்கும் 2000 நவம்பரில் வால்வ் நிறுவனத்தின் விற்பனைப் பொருளாக வெளிவந்தது. அதனை உருவாக்கியோர் நிறுவனத்தாற் பணியில் அமர்த்தப்பட்டனர்.

சட்டத்தின் நிலைப்பாட்டை 1998ஆம் ஆண்டில் அமெரிக்க ஒன்பதாஞ் சுற்று மேன்முறையீட்டு நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பிலே காணலாம். 1996இல் வெளிவந்த ‘டியூக் நியூகெம் 3டி’ விளையாட்டு, புதிய தளங்களை ஆக்குவதற்கான கருவியையும் உடன் வழங்கியது. ஆக்கியவற்றை இலவசமாக மட்டுமே பிறருக்கு வழங்கவேண்டுமென அதன் உரிமப் பத்திரம் விதித்தது. மைக்ரோ ஸ்டார் என்னும் நிறுவனம் இரசிகரின் 300 தளங்களைத் திரட்டி இறுவட்டொன்றிற் பதித்து விற்றது. வெளியீட்டாளரான ஃபோம்ஜென் நிறுவனம் உரிமை மீறலெனச் சாட்டியது. தளக்கோப்புக்களிலே மூல விளையாட்டின் படமெதுவும் இல்லை. எப்படத்தை எங்கே வைக்கவேண்டும் என்னும் சுட்டல்களே இருந்தன. எனினும் அவை மூலக்கதையின் தொடர்ச்சிகளே என நீதிமன்றம் கொண்டு, மைக்ரோ ஸ்டாருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இரு நிறுவனங்கள் பொருதிய அவ்வழக்கிலே 300 தளங்களையும் ஆக்கிய உழைப்பாளர் எவரும் வழக்காளியாகவோ எதிராளியாகவோ நிற்கவில்லை என்பது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது.

இத்தகைய உழைப்பை விளக்க முனைந்த ஆய்வாளருள் டிசியானா தெரனோவா 2000இல் வலைப்பின்னற் பண்பாட்டின் கூலியற்ற உழைப்பைப் பற்றி எழுதினார். ஜூலியன் கியூக்லிக் 2005இல் மொட் ஆக்குநரை ஆராய்ந்து, விளையாட்டும் உழைப்பும் ஒன்றான இந்நிலைக்கு இரு சொற்களையும் இணைத்துப் புதுப்பெயர் சூட்டினார். விளையாட்டின் ஆயுளை நீட்டுவதும், குறைகளைக் கண்டறிவதும், புதிய கைகளைப் பயிற்றுவதும் இவ்வுழைப்பாளரே. ஆனால் இன்பத்திற்காகச் செய்யப்படுவதனால் அஃது உழைப்பெனக் கணிக்கப்படுவதில்லை.

வரைபடம் வழங்கப்படுகின்றது

2011 ஒக்டோபரில் வால்வ் நிறுவனம் ‘ஸ்டீம் வேர்க்ஷொப்’ என்னும் பட்டறையைத் தொடங்கியது. விளையாடுவோர் தம் ஆக்கங்களைச் சமர்ப்பிக்கலாம்; நிறுவனம் தெரிவுசெய்பவை விளையாட்டிற் சேர்க்கப்பட்டு, ஆக்கியோருக்கு வருவாயில் ஒரு பங்கு வழங்கப்படும். 2012 ஓகஸ்டில் வெளிவந்த ‘கவுண்டர்-ஸ்ட்ரைக்: குளோபல் ஒஃபென்சிவ்’ விளையாட்டிற்கு 2013 ஓகஸ்டில் ‘ஆம்ஸ் டீல்’ என்னும் மாற்றம் சேர்க்கப்பட்டது. ஆயுதங்களுக்கு நூற்றுக்கு மேற்பட்ட தோல்கள் அதனோடு வந்தன. புதியவற்றை வரைய விரும்புவோர்க்கு ஆயுதங்களின் உருக்கோப்புக்களையும் யூவீ தாள்களையும் நிறுவனம் தானே வெளியிட்டது. ஒரு காலத்திற் கோப்பைத் திறந்து பிரித்தெடுக்கப்பட்ட வரைபடம், இப்பொழுது அழைப்பிதழாகக் கையில் வழங்கப்பட்டது.

இம்மாற்றத்தின் உள்ளார்ந்த பொருள் யாது? முன்னைய தோலை அணிந்தவர் மாத்திரமே கண்டார். புதிய தோலையோ நிறுவனத்தின் சேவைக்கணனி அறிந்து எதிரே நிற்பவர் அனைவருக்கும் காட்டியது. முன்னையது எத்தனை பிரதிகளும் எடுக்கக்கூடியது. புதியது எண்ணிட்டு அருமையாக்கப்பட்டது. அடைத்த பெட்டியைத் திறக்கும் சாவி 2.49 டொலருக்கு விற்கப்பட்டது. உள்ளே எத்தோல் இருக்கும் என்பதை வாய்ப்பே தீர்மானித்தது. ஒரே தோலும் தேய்வின் அளவாலும், யூவீ தாளின்மேற் கோலம் எவ்விடத்தில் விழுந்தது என்பதாலும் வேறுபட்டது. நீலம் அதிகம் விழுந்த துப்பாக்கி, பழுப்பு அதிகம் விழுந்த துப்பாக்கியிலும் பன்மடங்கு விலைபெற்றது. சந்தையில் நிகழும் கைமாற்றம் ஒவ்வொன்றின் மேலும் 15 வீதக் கட்டணம் அறவிடப்பட்டது. பிறர் காணலும் அருமையும் சேர்ந்தவுடன், பயன்பாட்டுப் பெறுமதி மட்டுமே கொண்டிருந்த தோல் பரிமாற்றப் பெறுமதி பெற்றது. இவ்விரண்டையும் வழங்கக்கூடியவர், சேவைக்கணனியின் உடைமையாளர் மாத்திரமே.

மறுபுறத்தில், சொந்தமாக மாற்றிய கோப்புக்களை நிறுவனத்தின் சேவைக்கணனிகள் ஏற்க மறுத்தன. சுவர்களை ஊடுருவிக் காணும்படி வரைந்து வஞ்சகமாக ஆடுவோரைத் தடுத்தற்கு அவ்விதி தேவையாயிருந்தது என்பதை மறுத்தற்கில்லை. எனினும் அதன் விளைவாக, பலரோடு ஆடும் களத்திலே விலையற்ற தோலுக்கு இடமில்லாது போயிற்று. தனித்து ஆடும் விளையாட்டுக்களில் மாத்திரம் பழைய நன்கொடை வழக்கம் செழிப்போடு தொடர்ந்தது. அங்கும் விலையைப் புகுத்தும் முயற்சியொன்று நிகழ்ந்தது. 2015 ஏப்ரல் 23ஆம் திகதி ‘ஸ்கைரிம்’ விளையாட்டின் மொட்களை விற்க வழிசெய்யப்பட்டது. ஆக்கியோரின் பங்கு 25 வீதமே. எழுந்த எதிர்ப்பினால் ஏப்ரல் 27ஆம் திகதியே அத்திட்டம் கைவிடப்பட்டது.

புதிய ஏற்பாட்டினால் ஆக்கியோர் பயனே பெறவில்லை எனக் கூறுதல் நியாயமாகாது. 2011 தொடக்கம் 2015 ஜனவரி வரை 1,500க்கு மேற்பட்ட ஆக்குநர்க்கு 5 கோடி 70 இலட்சம் டொலர் வழங்கப்பட்டதென வால்வ் அறிவித்தது. முன்னர் பாராட்டை மாத்திரம் பெற்றவர் சிலர், இப்பொழுது அதனையே சீவனோபாயமாகக் கொண்டனர். ஆயினும் அவர்கள் பங்குபற்றிய சந்தையின் இயல்பு விரைவில் வெளிப்பட்டது. தோல்களைப் பணயமாக வைத்துச் சூதாடும் நிலையங்கள் பெருகின. 2016 ஜூலையில் வால்வ் அவற்றுக்கு எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்பியது. 2018 ஏப்ரலில் பெல்ஜிய சூதாட்ட ஆணைக்குழு, இவ்விளையாட்டின் பெட்டிகள் உட்படச் சில விளையாட்டுக்களின் வாய்ப்புப் பெட்டிகள் தன் நாட்டுச் சூதாட்டச் சட்டத்திற்கு முரணானவை என அறிவித்தது.

உரிமை பற்றிய வினாவை 2014 ஜூனில் நிகழ்ந்த ஒரு சம்பவம் தெளிவாக்குகின்றது. ‘ஹவுல்’ எனப்பட்ட துப்பாக்கித் தோலொன்றின் ஓநாய்முகம், வேறோர் ஓவியரின் படைப்பிலிருந்து அனுமதியின்றி எடுக்கப்பட்டதெனத் தெரியவந்தது. வால்வ் அதன் படத்தை மாற்றி, சமர்ப்பித்தோரின் வருவாயை நிறுத்தி, அத்தோல் இனிமேற் பெட்டிகளிலிருந்து வெளிவராதவாறு செய்து, ‘கடத்தற் பொருள்’ என்னும் தனி வகுப்பில் இட்டது. நீதியை நோக்கமாகக் கொண்ட இச்செயலின் விளைவு விசித்திரமானது. இனிக் கிடையாது என்பதனாலேயே எஞ்சிய பிரதிகளின் விலை வானளாவ உயர்ந்தது. களவு கண்டிக்கப்பட்டது, களவின் சுவடு செல்வமாயிற்று. பரிமாற்றப் பெறுமதி அழகிலிருந்தோ உழைப்பிலிருந்தோ பிறவாமல் அருமையிலிருந்தே பிறக்கும் சந்தையில், உழைத்தவர் யார் என்னும் வினா விலையைத் தீண்டுவதே இல்லை.

தோலின் பொருளும் இக்காலத்தில் மாறியது. முற்காலத்து ஆக்குநர் பலர் உண்மைத் துப்பாக்கியின் தேய்வையும் இலக்கங்களையும் நுணுக்கமாக ஒற்றி வரைந்தனர். சந்தை விரும்பியதோ பளிச்சிடும் வண்ணங்களை. இனிப்புப் பண்டத்தின் நிறத்தில் மின்னும் துப்பாக்கியிலே, அது கொல்லும் கருவி என்னும் நினைவு மேலும் மங்குகின்றது. ஆயுதத்தை அணிசெய்தல் மன்னர் காலந்தொட்டு வரும் வழக்கமே. அன்று அணி அதிகாரத்தை அறிவித்தது. இன்று விலையை அறிவிக்கின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. 1974இன் ஆய்வேட்டிலிருந்து இன்றுவரை யூவீ வரைபடத்தின் கணிதம் அடிப்படையில் மாறவில்லை. வளைந்ததைத் தட்டையாக்கி, தட்டையில் வரைந்து, மீண்டும் வளைவிற் போர்த்தும் அதே செயலே நிகழ்கின்றது. மாறியிருப்பது வரைபடத்திற்கும் வரைபவருக்கும் இடையிலான உறவாகும். பிரித்தெடுத்த காலத்தில் வரைபவர் வருவாய் பெறவில்லை. ஆயினும் எதை வரைவது, யாருக்குக் கொடுப்பது என்பவற்றைத் தாமே தீர்மானித்தார். வழங்கப்பட்ட காலத்தில் அவர் வருவாய் பெற்றார். ஆனால் தெரிவும், எண்ணிக்கையும், விலை நிகழும் களமும் அவர் கையைவிட்டு நீங்கின.

கூலியற்ற சுதந்திரம், சுதந்திரமற்ற கூலி ஆகிய இவ்விரண்டுள் ஒன்றைத் தெரியுமாறு ஆக்குநரைப் பணிப்பது தொழில்நுட்பத்தின் இயற்கையன்று. உடைமை முறையின் விளைவாகும். ஐடி நிறுவனம் டூமின் மூலநிரலை 1997இலும் குவேக்கின் மூலநிரலை 1999இலும் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டமையால், அவ்விளையாட்டுக்களின்மேல் இன்றும் புதியவர் புதிய ஆக்கங்களைப் படைக்கின்றனர். வேறு வழிகளும் உண்டென்பதற்கு இது சான்று. தட்டையாக்கும் எப்படமும் எதையேனும் திரித்தே தீரும் என்று கௌஸ் காட்டினார். அத்திரிபை எங்கே ஒளித்துவைப்பது என்பது வெட்டுவோனின் தெரிவு. கணனி விளையாட்டு என்னும் பெருந்தொழிலின் கணக்கேடும் அத்தகைய ஒரு வரைபடமே. அதிலே இதுவரை சுருங்கிக் காட்டப்பட்ட பகுதி உழைத்தவரின் பங்கு. வெட்டுக்கோட்டை மீள வரையும் உரிமை அவர்கள் கைக்கு வரும்போதே அப்படம் செப்பமுறும்.